கதைக்குள் இருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும்?

15 மே 2025: வாசகர் கேள்வி

"டீச்சர், நான் இந்த ஆண்டு கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கிறேன். சமயம், பண்பாடு, சிறுவர் இலக்கியம் ஆகியவற்றை இணைத்துப் பல்கலைக்கழகங்களில் பாடநெறிகள் நடத்துவது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சமயத்தைப் பாடசாலையில் பத்து வருடங்களுக்கு மேல் படித்துவிட்டோம். சிறுவர் கதைகள் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு உரியவை; அவற்றைக் கல்வியியற் கல்லூரியில் படித்தால் போதும். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை போகிறவர்களே கொஞ்சம் பேர். அவர்களும் கதை படித்துவிட்டு வந்தால் எங்கள் சமூகத்துக்கு என்ன மிச்சம்?" இப்படி எழுதியிருப்பவர் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையைச் சேர்ந்த ஒரு மாணவர்.

15 மே 2025, இரவு

தம்பி, சமயத்தைப் படித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் படித்தது உங்கள் சமயத்தை மட்டுமே. சாதாரண தரம் வரை ஒவ்வொரு பிள்ளையும் தான் பிறந்த சமயத்தையே பாடமாகப் படிக்கிறது. உயர்தரத்தில் இந்து நாகரிகம், பௌத்த நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் என்று நான்கு தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. ஒரே மலையில், ஒரே கடைத்தெருவில், நான்கு சமயத்தவரும் நாள்தோறும் முகம் பார்த்து வாழும் மத்திய மலைநாட்டில், ஒருவர் தன் பிள்ளைக்குச் சொல்லும் கதை என்னவென்று மற்றவருக்குத் தெரியாமலே பத்தொன்பது வயது வந்துவிடுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கதையை முதன்முதலாக உட்கார்ந்து வாசிக்கும் இடம் பல்கலைக்கழக வகுப்பறையாக இருந்தால், அதை வீண் என்று சொல்ல என்னால் முடியாது.

16 மே 2025

நேற்று எழுதியதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி எனக்குள் வேலை செய்யத் தொடங்கியது இந்த வாரத்தில்தான்.

இந்த வெசாக் எனும் பௌத்தப் பெருநாளுக்கு எங்கள் நகரத்தில் கட்டியிருந்த தோரணத்தில், அதாவது கதைப் படங்களை அடுக்கிய அலங்காரப் பந்தலில், வெஸ்ஸந்தர ஜாதகம் படம் படமாக வரையப்பட்டிருந்தது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பாளி ஜாதகத் தொகுப்பில் உள்ள 547 கதைகளில் கடைசியானது அது. கேட்டதைக் கொடுக்கும் சிவி நாட்டு இளவரசன் வெஸ்ஸந்தரன், நாட்டுக்கு மழை தருவதாக நம்பப்பட்ட வெள்ளை யானையையும் கொடுத்துவிட்டதால் நாடு கடத்தப்படுகிறான். மனைவி மத்தி தேவியோடும், ஜாலி, கண்ஹாஜினா என்ற இரு பிள்ளைகளோடும் காட்டுக்குப் போகிறான். அங்கே ஜூஜகன் என்ற கிழப் பிராமணன் வந்து அந்தப் பிள்ளைகளைத் தானமாகக் கேட்கிறான். கிணற்றடியில் மற்றப் பெண்கள் கேலி செய்ததால் அவனுடைய இளம் மனைவி இனித் தண்ணீர் எடுக்கப் போகமாட்டேன், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் தாமரைக் குளத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவர்கள் வெளியே வருகிறார்கள், அவன் கொடுத்துவிடுகிறான். கொடியால் கைகளைக் கட்டி, அடித்து, ஜூஜகன் அவர்களை இழுத்துக்கொண்டு போகிறான்.

அந்தப் படத்தின் முன்னால் என்னோடு நின்ற ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், அந்தத் தாத்தா அந்தப் புள்ளைகளக் கொழும்புக்கா கூட்டிட்டுப் போறாரு?"

வீட்டு வேலைக்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்து வீடுகளுக்கு அனுப்பப்பட்ட வரலாற்றை நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதி 2016இல் வந்தது. அதற்கு முன்னர் எத்தனை வீடுகளில் எந்தப் பிள்ளை எங்கே போனது என்பது, தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் தெரியும். ஜாதகக் கதையை ஒரு நாளும் படித்திராத அந்தப் பிள்ளை அதன் நடுவிலுள்ள செயலை ஒரே பார்வையில் சரியாக இனங்கண்டுவிட்டாள். வேலைக்காரர் வேண்டுமென்று கேட்டு வந்தவனிடம் இரண்டு பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டார்கள் என்பதுதான் கதையில் நடந்திருப்பது.

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பதைக் கல்வியியற் கல்லூரி கற்றுத் தரலாம். அவள் கேட்டது ஏன் அந்தக் கதையைப் பற்றிய மிகக் கூர்மையான கேள்வி என்பதை ஆராய்வதற்குப் பாளி மூலமும், சிங்களத் தோரண மரபும், தோட்ட வரலாறும், சிறுவர் இலக்கியக் கோட்பாடும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

18 மே 2025

ஒரு பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்துப் பாடநெறி கட்ட முடியாது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஒரு வாக்கியத்தில் தொடங்கலாம். ஆனால் அங்கேயே நின்றுவிட முடியாது என்பதை ஏற்கிறேன். ஆகவே சைவர்களாகிய நம் வீட்டுக்குள்ளே வருகிறேன்.

சிறுத்தொண்டர் கதை நமக்குத் தெரியும். வாதாபியை அழித்த பல்லவப் படையின் தளபதியாக இருந்த பரஞ்சோதியார், பின்னர் திருச்செங்காட்டங்குடியில் அடியாருக்கு அமுது செய்விப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர். வைரவக் கோலத்தில் வந்த சிவன், ஒரு குடிக்கு ஒரே மகனாக உள்ள, ஐந்து வயதுப் பிள்ளையைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து, இருவரும் மனமுவந்து சமைத்த கறி வேண்டும் என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பாடும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். தகப்பன் பிள்ளையை அழைத்து வரப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். கால் சதங்கை ஒலிக்கப் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்கிறது. அவர் தோளில் தூக்கி வருகிறார். வெட்டும் நேரத்தில், பெற்றோர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எண்ணி அந்தப் பிள்ளை சிரிக்கிறது. முடிவில், உண்ண மகனையும் அழையுங்கள் என்று வந்தவர் சொல்ல, தாய் வெளியே நின்று கூப்பிட, சீராளன் பள்ளியிலிருந்து ஓடி வருபவனைப் போல வருகிறான்.

சேக்கிழார் பள்ளிக்கூடத்தை இரண்டு முறை கொண்டுவருகிறார். எதற்காக என்று எந்தச் சமய பாட வகுப்பிலும் எவரும் என்னைக் கேட்டதில்லை; நானும் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. பக்தியின் எல்லை என்ன என்பது மட்டுமே அங்கே கேள்வியாக இருந்தது. சிறுவர் இலக்கியத்தைப் படித்த பின்னரே, அந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வி எனக்குத் தோன்றியது. தெரியாமல் சிரிக்கும் ஒரு பிள்ளையைக் கவிஞர் வேண்டுமென்றே நடுவில் வைத்திருக்கிறார் என்பதும், அந்தச் சிரிப்பைத் தாங்குவது வாசிப்பவரின் பொறுப்பாகிவிடுகிறது என்பதும் அதன் பிறகே விளங்கின.

ஜாலிக்கும் கண்ஹாஜினாவுக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் ஒளிந்தார்கள், அழுதார்கள். சீராளனுக்குத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டிலிருந்து இரண்டு சமயங்களையும் பற்றி ஒரு பருவம் முழுவதும் பேசலாம்.

18 மே 2025, சற்றுப் பின்னர்

சிறுத்தொண்டர் கதையைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லலாமா கூடாதா என்று உடனே கேட்டிருக்கிறார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்தாம் ஆண்டுக்குக் கீழே நான் சொல்வதில்லை. ஆனால் பாடநெறி ஆராய வேண்டியது வேறொன்று. யார், எந்தக் காலத்தில், எந்த வயதுப் பிள்ளைக்கு, எந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொன்னார்கள் என்பதே அதற்கு உரிய கேள்வி. ஆறுமுக நாவலர் 1852இல் பெரிய புராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். செய்யுள் தெரியாத வீடுகளுக்கும் அடியார் கதைகள் போய்ச் சேர்ந்தன. அந்த வசனம் யாழ்ப்பாணத்துத் திண்ணையில் வாசிக்கப்பட்டதும், அதே கதை இந்தியாவிலிருந்து வந்தவர்களின் நினைவில் தங்கி லயத்து வாசலில் பேச்சாகச் சொல்லப்பட்டதும் இரண்டு வேறு வழிகள். முதலாவதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். இரண்டாவதை எழுத வேண்டியவர்கள் நாங்கள்.

22 மே 2025

இன்று குறுகிய குறிப்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பாளியும் பௌத்தமும் ஒரு துறை, அரபும் இஸ்லாமிய நாகரிகமும் ஒரு துறை, தமிழ் இன்னொரு துறை. ஒவ்வொரு துறையும் தன் மூல நூல்களில் ஆழமாகப் போவதற்கு அந்தப் பிரிவு வேண்டும். அதைக் கலைக்கச் சொல்லவில்லை. ஆனால் வெஸ்ஸந்தரனையும் சிறுத்தொண்டரையும் ஒரே மாலையில் வாசிப்பதற்கு ஓர் அறை வேண்டும். சிறுவருக்கான கதை என்ற பொருள் அந்த அறைக்குப் பொருத்தமானது. எந்தச் சமயமும் முதலில் பிள்ளையிடம் கதையாகவும் பாட்டாகவும்தான் போகிறது. தத்துவம் பின்னர்தான் வருகிறது.

25 மே 2025

ஐரோப்பியக் கதைகளையும் அங்கே படிக்க வேண்டுமா என்று அதே மாணவர் கேட்கிறார். ஆம், படிக்க வேண்டும், காரணத்தோடு.

கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதற் பதிப்பில், பஞ்சத்தில் உணவில்லாமல் ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவிடச் சொல்பவள் அவர்களைப் பெற்ற தாய். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிடுகிறாள். கதையில் பஞ்சம் அப்படியே இருக்கிறது, காடு அப்படியே இருக்கிறது. தாய் மட்டும் மாற்றப்பட்டாள். பெற்றவள் இப்படிச் செய்வாள் என்பதைத் தம் பிள்ளைகளின் காதில் போட அந்தக் காலத்து நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் விரும்பவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் பக்கத்தில் திருவெண்காட்டு நங்கை தன் கையால் மகனைப் பிடித்துக்கொள்கிறாள். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக எவரும் அவளை மாற்றாந்தாய் ஆக்கவில்லை. அங்கே தாயைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இங்கே பக்தி தாயைக் காப்பாற்றிவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காதவருக்கு இரண்டுமே இயல்பாகத்தான் தோன்றும்.

ஹான்சலும் கிரேட்டலும் இரவில் பெற்றோர் பேசுவதை ஒட்டுக்கேட்டுவிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அவர்களுக்குத் தெரியும். தெரிந்தபடியால் ஹான்சல் வழி அடையாளத்துக்குக் கற்களைப் பொறுக்கிக்கொள்கிறான்.

31 மே 2025

என் வார இறுதி வகுப்பில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் தாங்களே ஆசிரியர்கள். அவர்களோடு நந்தனார் கதையை இரண்டு வடிவங்களில் வாசித்தோம். இதைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும்.

சேக்கிழாரின் நந்தனார், அதாவது திருநாளைப்போவார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. தன் பிறப்பை எண்ணி, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தள்ளிப் போடுகிறார். அங்கே அவரைத் தடுத்து வைக்கும் முதலாளி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கதாகாலட்சேபத்துக்காகப் பாடும்போதுதான், வேதியர் என்ற நிலச்சொந்தக்காரர் வருகிறார். நாற்பது வேலி நிலத்திலும் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். இறைவன் அருளால் ஒரே இரவில் விளைச்சல் நிற்கிறது. இன்று பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த நந்தனார் இந்த இரண்டாவது நந்தனார்தான்.

வகுப்பில் ஒருவர் தன் பாடசாலை அனுபவத்தைச் சொன்னார். ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிதம்பரம் போக வேதியரிடம் அனுமதி கேட்கும் இடத்தில் ஒரு பையன், "சார், போயிட்டு வந்தா அவருக்கு அன்னைக்கு அரைப்பேரா, பேரே இல்லியா?" என்று கேட்டானாம். பறித்த கொழுந்து நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் அரைநாள் சம்பளம் போடுவதை அந்தச் சொல்லால்தான் தோட்டத்தில் சொல்வார்கள். அந்தப் பையனின் தாய்க்கு அது மாதத்தில் பல முறை நேர்வது. தன் தாய் பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்தில், கேட்கும் அதே கேள்வியை அவன் நந்தனாருக்காகக் கேட்டான்.

இங்கே ஆராய்ச்சி தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். சேக்கிழாரின் வடிவத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை, ஏனென்றால் அங்கே தடை பிறப்பு மட்டும். பாரதியாரின் வடிவத்தில் பிறப்போடு உழைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் உழைப்பின் பிரச்சினையை அற்புதம் தீர்த்துவிடுகிறது. பிறப்பின் பிரச்சினையை, தில்லையில் நந்தனார் இறங்கி எழும் தீ தீர்த்துவிடுகிறது. கூலி என்ற மூன்றாவது விடயத்தை இரண்டு வடிவங்களும் தொடவில்லை. தோட்டத்துப் பையன் தொட்டான். கேட்கும் பிள்ளையின் வாழ்க்கை கதைக்குள் இல்லாத ஒன்றைக் கதையிடம் கேட்கும்போது, அந்தக் கதை எதைச் சொல்லாமல் விட்டது என்பது வெளிப்படுகிறது. இதை எந்த உரையாசிரியரும் எனக்குக் காட்டவில்லை. என் மாணவர்கள் இதைத் தங்கள் ஒப்படையில் எழுத வேண்டும், அதற்கு உரிய புள்ளி கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

தீ எதைத் தீர்த்தது என்பதைப் பற்றியும் அன்று நெடுநேரம் பேசினோம். தீயிலிருந்து நந்தனார் பூணூலணிந்த முனிவராக வெளியே வருகிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியான முடிவாகவே எல்லோரும் சொல்லி வந்திருக்கிறோம். அப்படியானால் பழைய நந்தனார் எங்கே போனார் என்று ஓர் ஆசிரியை கேட்டார். அறையில் அதற்கு எவரிடமும் விரைவான பதில் இல்லை.

8 ஜூன் 2025

ஹஜ்ஜுப் பெருநாள் வாரம். அக்குறணையிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார்: தந்தை பிள்ளையைக் கொடுக்கும் கதைகளைப் பேசிவிட்டு இப்றாஹீம் நபியை விட்டுவிட்டீர்களே, குர்பான் பலியின் பின்னால் இருப்பதே அந்தக் கதைதானே என்கிறார். காத்திருந்தேன், அதை அறிந்த ஒருவரே தொடங்குவது நல்லது என்று நினைத்தேன்.

அவர் சுட்டிக்காட்டிய ஒன்று மிக முக்கியமானது. குர்ஆனின் ஸாஃப்பாத் அத்தியாயத்தில் தந்தை, மகனைப் பலியிடுவதாகத் தான் கண்ட கனவை மகனிடம் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்கிறார். உங்களுக்கு ஏவப்பட்டதைச் செய்யுங்கள், என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்று மகன் பதில் சொல்கிறான். அங்கே மகனின் பெயர் குறிப்பிடப்படவில்லை. முஸ்லிம்களில் பெரும்பாலோர் அவரை இஸ்மாயீல் என்று கொள்கிறார்கள். விவிலியத்தின் ஆதியாகமத்தில் இதே கதையில் மகன் ஈசாக்கிடம் முன்னதாக எதுவும் சொல்லப்படவில்லை. மலை ஏறும்போது அவன்தான் கேட்கிறான்: நெருப்பும் விறகும் இருக்கின்றன, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே? கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தகப்பன் சொல்கிறார்.

இப்போது நான்கையும் வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை தெரியாமல் சிரிக்கிறது. இரண்டு பிள்ளைகள் தெரிந்து ஒளிகிறார்கள். ஒருவன் பாதி தெரிந்து கேள்வி கேட்கிறான். ஒருவனிடம் கருத்துக் கேட்கப்படுகிறது, அவன் உடன்படுகிறான். கொடுப்பவரின் பக்கம் நின்று பார்க்கும்போது இவை எல்லாம் ஒரே கதை போலத் தோன்றும். பிள்ளையின் பக்கம் நின்றால் நான்கும் நான்கு வெவ்வேறு உலகங்கள். சமயங்களை ஒப்பிடும் பல விரிவுரைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கடவுள் எப்படிப்பட்டவர், முத்தி என்றால் என்ன என்ற தலைப்புகளில் ஒப்பிட்டார்கள். கதைக்குள் இருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற தலைப்பில் எவரும் ஒப்பிடவில்லை.

9 ஜூன் 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, என் மாணவி ஒருவர் தொலைபேசியில் சொன்னதை அவருடைய அனுமதியோடு சேர்க்கிறேன். வெஸ்ஸந்தரன் பிள்ளைகளைக் கொடுக்கும்போது மத்தி தேவி அங்கே இல்லை. கிழங்கும் பழமும் தேடிக் காட்டுக்குள் போயிருக்கிறாள். அவள் நேரத்துக்குத் திரும்பிவிடாதபடி தேவர்கள் சிங்கமும் புலியும் சிறுத்தையுமாக வழியை மறித்துக்கொள்கிறார்கள். "அம்மா வேலைக்குப் போன நேரத்துலதான் எல்லாம் நடந்திருக்கு, டீச்சர்" என்றார் அவர். அவருடைய தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். இதற்குமேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

14 ஜூன் 2025

இப்படி வாசிப்பது நம்பிக்கையைப் புண்படுத்தும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் சைவர், ஒருவர் கிறிஸ்தவ ஊழியர். இருவருடைய கவலையும் உண்மையானது.

கடந்த சில நாட்களாக என்னையே நான் கேட்டுக்கொண்டிருந்ததும் இதற்கு அருகில் வருகிறது. வெஸ்ஸந்தர ஜாதகத்தைப் பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்ட கதையாக மட்டும் வாசித்தால், அதைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் பௌத்த மக்களுக்கு நியாயம் செய்ததாகாது. அவர்களுக்கு அது தான பாரமிதையின் நிறைவு. புத்தராகப் போகிறவர் தனக்கு மிகப் பிரியமானதையும் பற்றின்றி விடும் கடைசி நிலை. ஆனாலும் அந்த மரபே பிள்ளைகளின் அழுகையை மறைக்கவில்லை. ஜாலியின் புலம்பல் பாளி மூலத்திலேயே இருக்கிறது. பாட்டனாகிய அரசன் பொன்னும் யானைகளும் கொடுத்துப் பிள்ளைகளை மீட்பதும் இருக்கிறது. கொடையைப் போற்றுவதும் பிள்ளைக்காக அழுவதும் ஒரே கதைக்குள் சேர்ந்து நிற்கின்றன. கேட்பவர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்துவிட்டுப் போக மரபு விடுவதில்லை. ஆகவே தோரணத்தின் முன்னால் அந்தப் பிள்ளை கேட்டது வெளியிலிருந்து வந்த எதிர்ப்புக் கேள்வி என்று நான் கருதவில்லை. கதைக்குள்ளேயே ஜாலி கேட்டதை அவள் தன் மொழியில் கேட்டாள்.

பெரிய புராணத்துக்கும் இதையே சொல்வேன். சீராளனின் சிரிப்பைச் சேக்கிழார் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினார். அதை வாசித்துக் கலங்குவதால் என் சைவம் குறையவில்லை; அந்தக் கலக்கத்தை அவரே எனக்குத் தந்தார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நல்ல பாடநெறி நம்பிக்கையுள்ள மாணவனை நம்பிக்கையோடேயே உட்கார வைத்து, நம்பிக்கையில்லாதவனையும் அவன் பக்கத்தில் உட்கார வைத்து, இருவரும் ஒரே வரியை எழுத்துக்கு எழுத்து வாசிக்கும்படி செய்ய வேண்டும். விரிவுரையாளர் எந்தப் பக்கத்தையும் கேலி செய்தால் அந்த வகுப்பு அன்றோடு முடிந்துவிடும்.

21 ஜூன் 2025

புத்தகக் கதைகளையே பேசுகிறீர்கள், நம்முடைய காமன் கூத்து எங்கே என்று மஸ்கெலியாவிலிருந்து ஒரு கலைஞர் கேட்கிறார். நியாயம்.

மாசி அமாவாசைக்குப் பின்னர் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும்வரை தோட்டத்தில் நடப்பதைப் பிள்ளைகள் சாக்கு விரித்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிகிறான். ரதி தலைவிரித்து அழுகிறாள். அந்த அழுகை சுருக்கப்படுவதில்லை. தப்பு ஒலிக்க, ஒப்பாரி நீண்டு போகிறது. சாவு வீட்டில் தங்கள் பாட்டி அழுததை அப்படியே மேடையில் பிள்ளைகள் கேட்கிறார்கள். அச்சான சிறுவர் புத்தகத்தில் இதே கதை வந்தால் ரதிக்கு ஒரு வரியும் உயிர்ப்பித்தலுக்கு ஒரு படமும் கிடைக்கும். எழுத்து பிள்ளையிடமிருந்து மறைக்கும் துயரத்தைக் கூத்து மறைப்பதில்லை. பிள்ளைக்குத் தாங்கும் சக்தி எவ்வளவு என்று இரண்டும் வேறு வேறு கணக்கு வைத்திருக்கின்றன. எந்தக் கணக்குச் சரி என்று எனக்கு உறுதியான கருத்து உண்டு: கூட்டத்தின் நடுவில், தாயின் மடியில், எல்லோரும் சேர்ந்து கேட்கும் துயரத்தைப் பிள்ளை தாங்கும். தனியே ஒரு பக்கத்தில் வாசிப்பது வேறு. இந்த வேறுபாட்டையே ஒரு பட்டதாரி மாணவர் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை 1960களில் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். பேராதனையைச் சுற்றியுள்ள மலைகளில் நடக்கும் காமன் கூத்துக்கும் அர்ச்சுனன் தபசுக்கும் பொன்னர் சங்கருக்கும் அப்படி ஓர் இடம் வாய்க்க நெடுங்காலம் ஆனது. அந்த மனக்குறை எனக்கு உண்டு.

22 ஜூன் 2025

பிள்ளைத்தமிழ் சிறுவர் இலக்கியம் ஆகாதா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: ஆகாது. ஆண்பாலில் காப்பு முதல் சிறுதேர் வரை, பெண்பாலில் காப்பு முதல் ஊசல் வரை, பத்துப் பருவங்களிலும் குழந்தை பாடப்படுகிறது. கேட்பவர் வளர்ந்த அடியவர். ஆனாலும் பாடநெறியில் அதற்கு இடம் வேண்டும். மீனாட்சியம்மைக்கும், நபிகள் நாயகத்துக்கும், இயேசுவுக்கும் தமிழில் பிள்ளைத்தமிழ் உண்டு. கடவுளையும் தூதரையும் குழந்தையாக்கி மடியில் வைத்துக்கொள்ள மூன்று சமயத்தவரும் ஒரே தமிழ் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதை எங்கள் வகுப்பில் சொன்னபோது, ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தவர்களை நான் கண்டேன்.

29 ஜூன் 2025

வேலை கிடைக்குமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மலையகத்தில் கலைப்பட்டதாரிகளில் பலர் ஆசிரியராகவே போகிறார்கள். இந்தப் பாடநெறி அவர்களுக்குத் தொழிலிலேயே பயன்படும். அரைப்பேர் கேட்ட பையனின் ஆசிரியர் அந்தக் கேள்வியை அதட்டி அமர்த்தாமல் குறித்து வைத்துக்கொண்டார்; அதற்கு அவருக்குக் கிடைத்த பயிற்சி காரணம். இதற்கு மேல் வேலைச் சந்தையைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை.

5 ஜூலை 2025

முதலில் கேள்வி கேட்ட மாணவர் மீண்டும் எழுதியிருக்கிறார். விண்ணப்பத்தில் இந்தப் பாடநெறியைத் தெரிவு செய்வேனா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை, ஆனால் பரீட்சைக்குப் பின்னர் கிடைக்கும் மாதங்களில் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, மூன்று காரியங்கள் சொல்கிறேன். சிறுத்தொண்ட நாயனார் புராணத்தைச் சேக்கிழாரின் செய்யுளிலும் நாவலரின் வசனத்திலும் அருகருகே வைத்து, எந்த இடத்தில் எது குறைகிறது, எது கூடுகிறது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே வாசியுங்கள். சிங்களம் பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். எழுத்தையும் கற்றுக்கொண்டு, சிங்களப் பிள்ளைகளுக்கான வெஸ்ஸந்தரக் கதைப் புத்தகம் ஒன்றை நீங்களே வாசித்துவிடுங்கள், எவருடைய சுருக்கத்தையும் நம்பி வராதீர்கள். மூன்றாவதாக, உங்கள் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ அவர்கள் சிறு வயதில் கேட்ட சாமி கதை ஒன்றைச் சொல்லச் சொல்லி, தொலைபேசியில் பதிவு செய்து, அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். திகதியையும், தோட்டத்தின் பெயரையும், எந்த டிவிசன் என்பதையும், அந்தக் கதையை அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பதையும் மேலே குறித்துவிடுங்கள். இலக்கணத்தைத் திருத்த வேண்டாம். கதையில் பிள்ளை வந்தால், அந்தப் பிள்ளை பேசுகிறதா என்று பாருங்கள். பேசினால் அந்த வரியின் கீழ் கோடிட்டு எனக்கு அனுப்புங்கள். அடுத்த வகுப்பில் அதை வாசிக்க வைக்கிறேன்.